நான் சோம்பேறி இல்லைங்க!

எங்கள் கிளாஸில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'கும்பகர்ணி'. கும்பகர்ணனுக்குப் பெண்பாலாம். தமிழ் டிபார்ட்மென்ட் பையன் ஒருத்தனின் கண்டுபிடிப்பு. இலக்கணப்படி சரியா என்று தெரியாது. ஆனால், மூன்றே நாளில் காலேஜ் பூராவும் பரவிவிட்டது. கேன்டீன் அண்ணன்கூட ஒருநாள், "என்னம்மா கும்பகர்ணி, டீயா காபியா?" என்று கேட்டார்.

நானும் சிரித்துவைத்தேன். அழலாம்தான். ஆனால், அழுதால் தலை வலிக்கும். தலை வலித்தால் எனக்கு அன்றைய பொழுது அவ்வளவுதான்.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன். பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கரில் மல்பெரி. வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு பட்டுப்புழு வளர்க்கிறார். கூடு தயாரானதும் மூட்டை கட்டி தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போவார். நான் தர்மபுரியில் ஒரு காலேஜில் பி.எஸ்ஸி. மேத்ஸ். ப்ளஸ் டூவில் கணக்குக்கு 94. கொஞ்சம் திமிரும் உண்டு. இரண்டாம் வருஷம் வரை இன்டர்னலில் என்னை முந்த ஆளே கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அண்ணன் பைக்கில் காலேஜில் இருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். தர்மபுரி மாவட்டத்துக்காரி ஆக்சிடென்ட் என்று வாயைத் திறந்தாலே, "தொப்பூர் கணவாயா?" என்றுதான் கேட்பார்கள். சேலம் ரோட்டில் அந்த இறக்கத்தில் லாரிகள் கட்டுப்பாடு இழந்து மோதுவது அவ்வளவு பிரசித்தம். 2024 ஜனவரியில் அங்கே நடந்த விபத்தின் சிசிடிவி வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். என் ஆக்சிடென்ட்டுக்கு அந்த பில்டப் எல்லாம் கிடையாது. குறுக்கே ஒரு நாய் வந்தது. அண்ணன் பிரேக் போட்டான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அண்ணன் ஹெல்மெட் போட்டிருந்தான். நான் போடவில்லை. பின்னால் உட்கார்கிறவளுக்கு எதற்கு என்ற எண்ணம். பின்சீட்டில் இருப்பவரும் ஹெல்மெட் போடவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டத்தைவிட அன்றைக்கு எனக்கு முடி கலையாமல் இருப்பது முக்கியமாகப் பட்டது. அண்ணனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு மண்டைக்குள் ரத்தக்கட்டு.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது என் நினைவு நிலை 'பதினொன்று' என்று எழுதியிருந்தார்கள். கிளாஸ்கோ கோமா ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது. கண் திறக்கிறதா, பேச்சு வருகிறதா, கை கால் சொன்னபடி அசைகிறதா என்று பார்த்து மார்க் போடுவார்கள். 1974-ல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு டாக்டர்கள் கொண்டுவந்தது. மொத்தம் 15. குறைந்தபட்சம் 3. பூஜ்யமே கிடையாது! சும்மா கிடந்தாலே மூன்று மார்க் தருகிற ஒரே பரீட்சை உலகத்திலேயே இதுதான். 13-ம் அதற்கு மேலும் லேசான காயம், 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது. நான் நடுவில். என் வாழ்க்கையிலேயே 'ஆவரேஜ்' எடுத்தது அப்போதுதான்.

ஆபரேஷன் தேவைப்படவில்லை. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் ஆரம்பித்தது. ரோடு ஆக்சிடென்ட்டில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கையில் காசில்லாமல் ஓடிவந்த அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஊரே பார்க்க வந்தது. ஹார்லிக்ஸ், ஆப்பிள், சாத்துக்குடி. வந்தவர்கள் எல்லாரும் ஒரு டெஸ்ட் வைத்தார்கள். "என்னை யாருன்னு தெரியுதா?" ஃப்ரெண்ட்ஸ் ஒரு படி மேலே. "கஜினி சூர்யா மாதிரி 15 நிமிஷத்துக்கு ஒருதரம் மறந்துடுவியாடி?" படம் வந்தது 2005-ல், நாங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது. இருந்தாலும் தலையில் அடி என்றால் தமிழ்நாட்டுக்குத் தெரிந்த ஒரே வியாதி அதுதான். எனக்கு எல்லாரையும் தெரிந்தது. அத்தை மூன்று வருஷம் முன்னால் வாங்கிப்போன பித்தளைக் குண்டான் உட்பட எல்லாம் ஞாபகம் இருந்தது. "பொண்ணு தப்பிச்சிடுச்சுப்பா" என்று எல்லாரும் நிம்மதியாகக் கிளம்பிப் போனார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாலாவது செமஸ்டர் பரீட்சை போய்விட்டது. பரவாயில்லை என்று ஜூலையில் மூன்றாம் வருஷம் ஆரம்பித்ததும் காலேஜுக்குக் கிளம்பினேன். காலை எட்டேகால் டவுன் பஸ்.

முன்பெல்லாம் பஸ்ஸில் பாட்டு ஓடும், கண்டக்டர் விசில் ஊதுவார், பக்கத்து சீட் அக்கா போனில் சண்டை போடுவார். எல்லாம் காதில் விழும், ஆனால் விழாது. புரிகிறதா? வேண்டாததை மூளை தானாகவே ஒதுக்கித் தள்ளிவிடும். இப்போது எதுவும் ஒதுங்கவில்லை. பாட்டு, விசில், அக்கா, ஹாரன், ஜன்னல் கண்ணாடி ஆடுகிற சத்தம், எல்லாமே என்னிடம் நேராகப் பேசின. நாலு ரோட்டில் இறங்கும்போதே ஒரு பரீட்சை எழுதி முடித்த மாதிரி இருந்தது. மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது.

பதினொன்றரைக்கு ரியல் அனாலிசிஸ் கிளாஸ். சார் போர்டில் எழுதுகிறார். ஒவ்வொரு வார்த்தையும் தெரிகிறது. சேர்த்துப் படித்தால் ஒன்றும் சேரவில்லை. வரி முடிவதற்குள் வரியின் ஆரம்பம் போய்விடுகிறது. எழுதவேண்டும் என்று நினைக்கிறேன், கை வரவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. மேலே இருந்து ஆர்டர் வரவில்லை, அவ்வளவுதான். டியூப்லைட் கண்ணைக் குத்துகிறது. பக்கத்தில் இருக்கிறவள் பேனாவைத் தட்டுகிற சத்தம் மண்டைக்குள் சுத்தியலாக இறங்குகிறது. அப்புறம் 'டப்'. கரண்ட் போய்விட்டது. தலையை பெஞ்ச்சில் சாய்த்தேன். அப்படித்தான் கும்பகர்ணி பிறந்தாள்.

உண்மையில் நான் தூங்கவில்லை. இதைத்தான் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. தூக்கம் வேறு, இது வேறு. நைட் ஷோ பார்த்துவிட்டு வந்த தூக்கம், தூங்கினால் போய்விடும். இது பத்து மணி நேரம் தூங்கி எழுந்த பிறகும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். காபி குடித்தால் போகாது. "மனசைத் தைரியமா வெச்சுக்க" என்றால் போகாது. வம்படியாகத் தள்ளிக்கொண்டு போனால் அன்றைக்குப் போகவிடும். நாளைக்கு வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

அந்த வட்டிக் கணக்கு தெரியாமல்தான் ஆகஸ்டில் மாமா வீட்டுக் கல்யாணத்தில் மாட்டினேன். முந்தின நாள் ரிசப்ஷன். எனக்கு நன்றாக இருந்தது. ஸ்பீக்கருக்குத் தள்ளி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பெண்கள் எல்லாரும் இழுக்க, இரண்டு பாட்டுக்கு ஆடினேன். செம சந்தோஷம்! ஆறு மாசம் கழித்து முதல்தடவையாகப் பழைய ஆளாகிவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் முகூர்த்தத்துக்கு எழுந்திருக்கவே இல்லை. அடுத்த மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் கிடந்தேன். அம்மா சோறு ஊட்டிவிட்டாள். "தண்ணி வேணும்" என்று சொல்ல 'தண்ணி' என்கிற வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருந்தது அந்த இரண்டு பாட்டு மட்டும்தான். "கல்யாணத்துல ஆடத் தெரியுது. காலேஜ் போகணும்னா மட்டும் தலை சுத்துதா?" அத்தைதான் கேட்டார். அதே பித்தளைக் குண்டான் அத்தை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே அதே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே சோம்பேறி ஆகிவிட்டேனோ? படிக்கப் பயந்துகொண்டு நடிக்கிறேனோ? கை உடைந்தால் கட்டு இருக்கும். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டும். எனக்கு ஸ்கேன் நார்மல், முடி வளர்ந்து தழும்பு மறைந்துவிட்டது, பேச்சு தெளிவு. சாட்சி சொல்ல என் உடம்பில் ஒரு இடம்கூட இல்லை.

காலேஜில் 75 சதவீத வருகை வேண்டும். எனக்கு 60-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. "ஸ்கேன் ரிப்போர்ட் நார்மல்னு போட்டிருக்கேம்மா, அப்புறம் எதுக்கு லீவு?" என்று கேட்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, ரிப்போர்ட்டில் அப்படித்தானே இருக்கிறது. ஆயா ஒரு கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார். பயந்த கோளாறாம். ஒருநாள் காலையில் பஸ் போன பிறகும் நான் படுத்தே இருந்ததைப் பார்த்து அப்பா வாசலில் இருந்தே சொன்னார். "வேண்டாம்னா நிறுத்திடு. ஒரு வேலையும் செய்யாம படுத்துக் கிடக்கிறதுக்கு எதுக்கு ஃபீஸ் கட்டணும்? சோம்பேறிக்கு சோறு போட எனக்கு வக்கில்லை." அப்பா கோபக்காரர் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

அன்றைக்கு ராத்திரி அண்ணன் அம்மாவிடம் பேசுவது கேட்டது. "நிமான்ஸ் கூட்டிட்டுப் போலாம்மா."

பெங்களூரு நிம்ஹான்ஸை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அங்கே போய்வந்தவர்கள் பேச்சை ஊரில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அம்மா பதறிவிட்டாள். "பைத்திய ஆஸ்பத்திரிக்கா? வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாருடா கட்டுவான் இவளை?" அண்ணன் அதற்குச் சொன்ன பதில்தான் இன்றுவரை என் காதில் இருக்கிறது. "ஓட்டினது நான்மா."

அந்த ஆறேழு மாசம் அவன் என்னிடம் சரியாகப் பேசவே இல்லை. கோபம் என்று நினைத்திருந்தேன். பைக்கை ஷெட்டில் தார்பாய் போட்டு மூடிவைத்திருந்தான். எனக்கு ஒரு மாதிரி வியாதி என்றால் அவனுக்கு வேறு மாதிரி.

அம்மாவுக்கு ஒரு தகவல்: நிம்ஹான்ஸ் பழைய மனநல மருத்துவமனையும் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 1974-ல் உருவானது. அதன் பெயரிலேயே மனநலத்தோடு நரம்பியலும் இருக்கிறது. தலைக்காயம், பக்கவாதம், வலிப்பு என்று தென்னிந்தியா முழுக்க இருந்து வருகிறார்கள். (அதென்னவோ, கோமா ஸ்கேலும் 1974, நிம்ஹான்ஸும் 1974. எனக்கும் அந்த வருஷத்துக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம்!) அக்டோபரில் ஒருநாள், விடியற்காலை இருட்டிலேயே நானும் அண்ணனும் பஸ் ஏறினோம். வீட்டில் "ஓசூர்ல ஒரு கல்யாணம்" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லியிருந்தார்கள்.

நீண்ட வரிசை, நிறைய காத்திருப்பு. அதை விடுங்கள். கடைசியில் கன்னடம் கலந்த தமிழில் பேசிய ஒரு டாக்டரம்மா. நான் நடந்ததை எல்லாம் கொட்டினேன். "கரண்ட் போற மாதிரி இருக்கும் மேடம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு, "எத்தனை மணிக்குப் போகும்? திரும்ப வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

எட்டு மாசத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். தலை வலித்தது. பரவாயில்லை.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஸ்கேனில் எலும்பு முறிவு தெரியும், ரத்தக்கசிவு தெரியும். தலை குலுங்கும்போது மூளைக்குள் நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாவது சாதாரண சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. நல்ல தார் ரோடு பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுன் பஸ் மண் ரோட்டில் சுற்றிப் போகிறது. ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால், டீசல் இரண்டு மடங்கு. சாதாரணமாகவே உடம்பு எடையில் 2 சதவீதம்தான் இருக்கிற மூளை, உடம்பின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைச் சாப்பிடும். முன்பு தானாக நடந்த வேலையை எல்லாம் இப்போது நான் முயற்சி செய்து நடத்திக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் பாட்டை ஒதுக்குவதுகூட எனக்கு இப்போது வேலைதான். நெதர்லாந்தில் வான் ஸோமெரன் என்ற ஆராய்ச்சியாளர் 1984-லேயே ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருக்கிறார். அடிபட்ட மூளை குறையை ஈடுகட்ட விடாமல் கூடுதல் முயற்சி போடுகிறது, அந்த முயற்சியின் விலைதான் சோர்வு என்று. ஸ்வீடனில் கோத்தன்பர்க்கில் பிர்கிட்டா யோஹான்சன், லார்ஸ் ரோன்பாக் என்கிற இருவர் இந்தச் சோர்வை அளக்கவே ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறார்கள். சத்தம் தாங்குகிறதா, வெளிச்சம் தாங்குகிறதா, களைத்தால் மீள எவ்வளவு நேரம் ஆகிறது என்றெல்லாம் கேட்கும். நான் வருகிறேன் என்று தெரிந்து தயாரித்த மாதிரியே இருந்தது.

மூளையில் அடிபட்டவர்களிடம் மிகமிகச் சாதாரணமாகக் காணப்படும் தொல்லைகளில் ஒன்று இது. சிலருக்கு மாதங்களில் போகும், சிலருக்கு வருஷக்கணக்கில் இருக்கும். அடி எவ்வளவு பலமோ அந்த அளவுக்குச் சோர்வு என்ற கணக்கும் கிடையாது. லேசாக அடிபட்டவருக்கும் வரும்.

உடனே எல்லாவற்றையும் மூளை தலையில் போட்டுவிடவும் இல்லை. ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 9. தைராய்டு பார்த்தார்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று நிறைய கேட்டார்கள். வலிப்பு வராமலிருக்கக் கொடுத்திருந்த மாத்திரையும் தூக்கத்தைத் தரும் என்று சொல்லி, படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்கள். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.) அம்மா கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையுமாகப் போட்டுத் தாக்க, இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்து, நாலு மாசத்தில் ரத்தம் 12-க்கு வந்தது. சோர்வு கொஞ்சம் குறைந்தது. போகவில்லை. இதைப் போக்குவதற்கென்று நிச்சயமான மாத்திரை எதுவும் இல்லை என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மாத்திரைக்குப் பதில் ஒரு நோட்டு போடச் சொன்னார். இரண்டு வாரம், மணிவாரியாக என்ன செய்தேன், எப்போது கரண்ட் போனது. அமெரிக்காவில் கிறிஸ்டின் மிசராண்டினோ என்ற பெண், லூபஸ் என்ற தன் நோயைத் தோழிக்கு விளக்கக் கரண்டிகளைப் பயன்படுத்தி 2003-ல் ஒரு கட்டுரை எழுதினாராம். ஒரு நாளைக்கு இத்தனை கரண்டி, ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று போய்விடும் என்று. கரண்டி எனக்கு ஒத்துவரவில்லை. கணக்குக்காரிக்கு ரூபாய்தான் சரி. தினமும் எனக்கு 100 ரூபாய் என்று வைத்தேன். தலைக்குக் குளித்தால் 10. பஸ் 25. ஒரு தியரி கிளாஸ் 15, ப்ராப்ளம் கிளாஸ் 20. கேன்டீன் கூட்டத்தில் அரட்டை 20 (நம்பமாட்டீர்கள், சிரிப்பதற்கும் செலவாகிறது). ரீல்ஸ் பார்த்தால் ஓய்வு என்றுதான் நினைத்தேன். கணக்குப் போட்டால் அரைமணி நேரத்துக்கு 15 ரூபாய் பிடுங்கியிருந்தது! காலை பஸ்ஸோடு இரண்டு கிளாஸ் முடிவதற்குள் பாதிக்கு மேல் பணம் காலி. கல்யாணத்தன்றைக்கு 400 ரூபாய் செலவு பண்ணியிருக்கிறேன், கையில் இருந்ததோ 100. மூன்று நாள் கடன்.

நோட்டைப் பார்த்த பிறகு வந்த மாற்றங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. கூட்டமில்லாத ஏழு மணி பஸ். காதில் பஞ்சு. இரண்டாவது கிளாஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், கரண்ட் போவதற்கு முன்னாலேயே, இருபது நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வது. இந்த 'முன்னாலேயே' என்பதுதான் சூட்சுமம். களைத்த பிறகு ஓய்வெடுத்தால் இரண்டு மணி நேரம் வேண்டும், களைக்கும் முன்னால் என்றால் இருபது நிமிஷம் போதும். எங்கள் டிபார்ட்மென்ட் மேடம் ஒருவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, டிபார்ட்மென்ட் லைப்ரரியின் சாவியை நீட்டினார். ஸ்கேன் ரிப்போர்ட் செய்யாததை ஒரு நாற்பது பக்க நோட்டு செய்தது.

இந்தச் சமயத்தில்தான் எமிலியா கிளார்க் பற்றிப் படித்தேன். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிராகன் ராணி. 2011-ல், முதல் சீசன் ஷூட்டிங் முடிந்த கையோடு, லண்டனில் ஜிம்மில் சுருண்டு விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வயது 24. உயிர் பிழைத்து, சில வாரங்களில் வேலைக்குத் திரும்பி, 2013-ல் இன்னொரு ஆபரேஷன். இரண்டாவது சீசன் நடிக்கும்போது தள்ளாடும் அளவுக்குப் பலவீனமாக இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதை எழுதியது 2019-ல்! எட்டு வருஷம் வெளியுலகத்துக்குச் சொல்லவில்லை. மூளைக்காயத்திலிருந்து மீள்பவர்களுக்காக அப்புறம் 'சேம் யூ' என்று ஒரு அமைப்பு தொடங்கினார். டிராகன் வைத்திருந்தவரே எட்டு வருஷம் மறைத்தார் என்றால், பாலக்கோட்டுக்காரி "ஓசூர்ல கல்யாணம்" என்று சொன்னதில் பெரிய தப்பில்லை.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் இருந்து வந்ததும் அண்ணன் அவரிடம் மண் ரோடு, டீசல் எல்லாம் சொன்னான். கேட்டுக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

பட்டுப்புழு வளர்க்காதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். புழு நாலு தடவை தோல் உரிக்கும். முதல் இரண்டு உரிப்பு முடிந்த புழுக்களைத்தான் சாக்கி சென்டரில் இருந்து வாங்கி வருவோம், மீதி இரண்டும் எங்கள் ஷெட்டில். அதுவரை இரவு பகலாகச் சரசரவென்று மழை பெய்கிற மாதிரி இலையைத் தின்கிற புழுக்கள், தோல் உரிக்கும் நேரத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றுவிடும். ஒரு நாள் முழுக்க அப்படித்தான். இலை போடக்கூடாது. அவசரப்பட்டுத் தீனி போட்டால் பேட்ச்சே கெடும். ஈரம் நிற்காமல் இருக்கச் சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டுக் காத்திருக்கவேண்டும். கிட்டத்தட்ட எல்லாப் புழுவும் எழுந்த பிறகுதான் அடுத்த இலை.

தீபாவளிக்கு அத்தை வந்திருந்தார். நான் உள்ளே படுத்திருந்தேன். "இன்னும் எந்திரிக்கலையா மகாராணி?" என்ற குரல் கேட்டது. அப்பா அப்போதுதான் ஷெட்டில் இருந்து, கையெல்லாம் சுண்ணாம்போடு வந்தார்.

"சத்தம் போடாத. அவ தோல் உரிக்கிறா."

"என்னது?"

"நாலாந்தோல் உரிக்கிற புழு சும்மா நிக்குற மாதிரிதான் தெரியும். சோம்பேறின்னு எலையைக் கொட்டுனா எல்லாம் போச்சு. அதுவா எந்திரிச்சு தலையாட்டும். அதுவரைக்கும் யாரும் எலை போடாதீங்க."

அத்தைக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. அப்பாக்கள் ஸாரி சொல்வதில்லை, தெரியும்தானே? மறுநாள் ஷெட்டில் எப்போதும் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோ என் ஜன்னல் பக்கத்தில் இருந்து அந்தக் கோடிக்கு மாறியிருந்தது.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை. புழுவுக்கு ஒரு நாள். எனக்கு வருஷங்கள் ஆகின்றன, இன்னும் முழுதாக உரியவில்லை. முழுதாக உரியுமா என்று டாக்டரம்மாவும் உறுதி கொடுக்கவில்லை.

நவம்பர் பரீட்சைதான் பெரிய முடிவு. வருகைக் குறைவுக்குப் பணம் கட்டி ஹால் டிக்கெட் வாங்கியாயிற்று. விட்டுப்போன நாலாவது செமஸ்டர், புதிதாக ஐந்தாவது. ஒவ்வொரு பேப்பரும் மூன்று மணி நேரம். ஒரு பரீட்சை எழுதினால் எனக்கு இரண்டு நாள் காலி. எல்லாவற்றையும் எழுதி எல்லாவற்றிலும் கோட்டைவிடுவதா, மூன்றை மட்டும் எழுதுவதா? கூடுதல் நேரம் கேட்கலாமே என்று ஃப்ரெண்ட் சொன்னாள். விசாரித்தோம். அதற்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும். 2016-ம் வருஷச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. தலைக்காயம் என்று தனிப்பெயரில் ஒன்று அதில் இல்லை. அடியால் கை கால் முடங்கினாலோ, பேச்சு போனாலோ அந்தந்தத் தலைப்பில் போகலாம். எனக்கு எல்லாம் இருக்கிறது, டீசல்தான் இல்லை. அதற்கு எந்தத் தலைப்பு?

மூன்று மட்டும் எழுதினேன். கிளாஸ் ஃபர்ஸ்ட் வாங்கியவளுக்கு, பரீட்சைக்குப் போகாமலே அரியர்! ஹால் டிக்கெட்டில் அடித்த கோடுகளைப் பார்த்து இரண்டு ராத்திரி அழுதிருக்கிறேன் (ராத்திரி என்றால் பரவாயில்லை, அன்றைய பணம் செலவாகி முடிந்திருக்கும்). அப்பா கேட்டார், "ஃபெயிலாம்மா?"

"இல்லப்பா. தவணை."

அது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. டிராக்டர் வாங்கிய மனுஷன்.

என் செட் 2024-லேயே முடித்துப் போய்விட்டது. ஒருத்தி பி.எட்., ஒருத்தி ஓசூரில் கம்பெனி வேலை. கும்பகர்ணி என்று பெயர் வைத்தவன் போன வருஷம் போன் பண்ணினான். அவன் மாமா லாரியில் அடிபட்டு எழுந்துவிட்டாராம், ஆனால் எந்நேரமும் படுத்தே கிடக்கிறாராம், வீட்டில் திட்டுகிறார்களாம். "உன் நோட்டை போட்டோ எடுத்து அனுப்புறியா?" என்றான். நாற்பது பக்கத்தையும் அனுப்பினேன். அன்றைய கணக்கில் 30 ரூபாய்.

பதினாலு பேப்பரில் பதின்மூன்றை ஐந்து தவணையில் கட்டி முடித்துவிட்டேன். இன்னும் ஒன்று பாக்கி. அடுத்த செமஸ்டரில் எழுதவேண்டும். ஆபரேஷன்ஸ் ரிசர்ச். இருக்கிற கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அதிகபட்சம் என்ன செய்யலாம் என்று கணக்குப் போடுகிற பாடம், நம்புங்கள்!

அண்ணன் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருக்கிறான். தார்பாயை எடுத்துவிட்டான். பைக்கில் இரண்டு ஹெல்மெட் தொங்குகிறது, எனக்கு வாங்கியது பச்சைக் கலர், கொஞ்சம் லூஸ். பரீட்சைக்கு முந்தின நாளும் அடுத்த இரண்டு நாளும் நோட்டில் ஒன்றும் எழுதாமல் காலியாக விட்டிருக்கிறேன். அந்த வாரத்தில் பூ முடிப்பு விசேஷம் ஒன்று வருகிறது. அத்தை வீட்டில்தான். வரமுடியாது என்று அப்பாவே சொல்லிவிட்டார்.